பகலில் நார்மல், இரவில் படபடப்பு: ஈ.சி.ஜி.க்குத் தப்பும் துடிப்பைப் பிடிப்பது எப்படி?

இரவில் நெஞ்சு படபடத்துத் தூக்கம் கெடுகிறது என்று டாக்டரிடம் போகிறவர்களில் பலர் ஒரே பதிலோடு திரும்புகிறார்கள்: "ஈ.சி.ஜி. நார்மல், ஒன்றும் இல்லை." அன்று இரவே மறுபடியும் படபடக்கிறது. வீட்டில் ஒருவர் வாயு என்பார். இன்னொருவர் பயம் என்பார். மூன்றாமவர், பக்கத்துத் தெருவில் போன மாதம் மாரடைப்பில் போனவரை நினைவுபடுத்துவார். மூன்றில் எதுவும் சரியாக இருக்கலாம், எதுவும் தப்பாகவும் இருக்கலாம்.

சாதாரண ஈ.சி.ஜி. தாளில் பதிவாவது ஏறத்தாழ 10 வினாடித் துடிப்புதான். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். காலை பதினொரு மணிக்குத் தஞ்சாவூரில் எடுத்த அந்தப் பத்து வினாடி, முந்தின இரவு இரண்டு மணிக்கு வேதாரண்யத்து வீட்டில் நடந்ததைச் சொல்லாது. அதற்காக நார்மல் ஈ.சி.ஜி. வீண் என்று நினைக்க வேண்டாம். பழைய மாரடைப்பின் தடம், இதயத் தசைத் தடிப்பு, பிறவியிலேயே இருக்கும் கூடுதல் மின்பாதை ஆகியவை படபடப்பு இல்லாத நேரத்திலும் அதில் தெரியக்கூடும். அவை இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் இரவில் வந்தது என்ன என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. அந்தப் பதில் படபடக்கும் நேரத்தில்தான் கிடைக்கும். அதில் பாதி வேலையை வீட்டிலேயே செய்ய முடியும்.

துடிப்பு எங்கிருந்து கிளம்புகிறது?

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்ற சிறு திசு இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் மின்தூண்டல் மேலறைகளில் பரவி, நடுவில் ஏ.வி. கணுவில் ஒரு கணம் தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் நின்று, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து இறங்குவதைப் போன்ற ஏற்பாடு. தண்ணீர் மேலிருந்து வர வேண்டும், நடுவில் ஒரு கட்டுப்பாடு இருக்க வேண்டும், கீழே முறைப்படி பாய வேண்டும்.

விழித்து ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு இயல்பு. ஆழ்ந்த தூக்கத்தில் 40, 50க்கு இறங்குவதும் பலருக்கு இயல்புதான். நாள் முழுக்கக் கூட்டினால் ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்பு. இந்த ஒரு லட்சத்தில் சில முறை தவறுவது ஆரோக்கியமான இதயத்திலும் நடக்கும். பகலில் வேலை, பேச்சு, பஸ் சத்தம் என்று கவனம் வெளியே இருப்பதால் பெரும்பாலோருக்கு அது தெரிவதில்லை.

ஏன் குறிப்பாக இரவில்?

1. படுக்கும் விதம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயத்தின் நுனி விலா எலும்புச் சுவரை ஒட்டி வருகிறது. காது தலையணையில் அழுந்தியிருப்பதால் காதருகே ஓடும் ரத்தத்தின் துடிப்பும் கேட்கிறது. இங்கே இதயம் வேகமாக அடிக்கவில்லை. நமக்குக் கேட்கிறது, அவ்வளவுதான்.

2. வேகம் குறையும்போது இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியில் வேறு ஏதாவது ஒரு திசு முந்திக்கொண்டு ஒரு துடிப்பை விட வாய்ப்பு கிடைக்கிறது.

3. வயிறு. ஒன்பதரை மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறும். உணவுக்குழாய் இதயத்தின் பின்புறத்தை ஒட்டியே இறங்குகிறது. இரண்டையும் ஆளும் நரம்பும் ஒன்றே. "வாயுதான்" என்ற பாட்டி வைத்தியப் பேச்சில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. இதற்குள் ஒரு சிக்கலும் இருக்கிறது: அமிலம் ஏறாமலிருக்க இடப்பக்கம் படுப்பது நல்லது, படபடப்பு கேட்காமலிருக்க இடப்பக்கம் கூடாது. இரண்டுக்கும் ஒத்துவரும் வழி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்தி, மல்லாந்து படுப்பது. இரண்டு மூன்று தலையணையை அடுக்குவது உதவாது. கழுத்து மட்டும் மடங்கி, வயிறு இன்னும் அழுந்தும். கர்ப்பிணிகள் இதற்காக இடப்பக்கம் படுப்பதை விட்டுவிட வேண்டாம். கர்ப்பத்தில் நாடி 10 முதல் 20 வரை கூடுவது இயல்பு.

4. மூச்சுத் தடை. பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி விழிப்பவர்களுக்கு ஒவ்வொரு தடைக்குப் பின்னும் அட்ரினலின் பாய்கிறது, இதயம் எகிறுகிறது. காலையில் தலைவலி, பகலில் டீக்கடை பெஞ்சிலேயே தூங்கி விழுவது, மருந்துக்கு அடங்காத பி.பி. ஆகியவை சேர்ந்திருந்தால் தூக்கப் பரிசோதனை அவசியம். இவர்கள் தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் தாங்களாகவே அல்பிரசோலம் வாங்கிப் போடுவது மூச்சுத் தடையை மோசமாக்கும். மதுவும் அப்படியே.

5. கனவுத் தூக்கம். விடியலை நெருங்க நெருங்கக் கனவு காணும் கட்டம் நீள்கிறது. அப்போது துடிப்பு தாறுமாறாக ஏறி இறங்கும். இந்தக் கட்டத்தில் மூளை விழித்து உடல் விழிக்காமல் போனால் கைகால் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போலிருக்கும். ஊரில் அமுக்குவான் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் சில வினாடிகளில், அதிகம் போனால் ஓரிரு நிமிடங்களில் விலகும். இதயத்துக்கு இதனால் கேடு இல்லை.

படபடப்பில் நான்கு விதம்

"படபடன்னு அடிக்குது" என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. டாக்டரிடம் அந்தச் சொல்லோடு நிறுத்தினால் பாதித் தகவல் போய்விடும்.

முதலாவது, விட்டு விட்டுத் "தடக்" என்று விழுவது. ஒரு துடிப்பு நின்று, அடுத்தது நெஞ்சைத் தூக்கி அடிக்கும். முறைக்கு முன்பே ஒரு துடிப்பு வந்துவிடுவதால் அடுத்ததற்கு இடைவெளி நீள்கிறது. அந்த இடைவெளியில் கூடுதலாக ரத்தம் நிரம்பி, அதை வெளித்தள்ளும் அடி பலமாக இருக்கிறது. நாம் உணர்வது அந்தப் பலத்த அடியைத்தான். இதயம் நின்றுபோகவில்லை. இரவுப் படபடப்பில் மிகச் சாதாரணமானது இதுவே. இதயம் நன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. மொத்தத் துடிப்பில் 10, 15 சதவீதத்துக்கு மேல் இப்படி வந்தால் மட்டும், நாளடைவில் இதயத் தசை தளர வாய்ப்புண்டு.

இரண்டாவது, சீராக வேகம் கூடி, சீராக இறங்குவது. 100, 120 வரை போகும். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இறக்கம், பதற்றம், உடலில் நீர் வற்றியது என்று காரணம் இதயத்துக்கு வெளியே இருக்கும்.

மூன்றாவது, சுவிட்சைப் போட்டது போல் தொடங்கி, அணைத்தது போல் நிற்பது. 150 முதல் 220 வரை போகலாம். ஆனால் தாளம் தவறாது. மின்தூண்டல் ஒரு கூடுதல் பாதையில் புகுந்து, சுழலில் சிக்கிய தண்ணீராகச் சுற்றிக்கொண்டே இருப்பதால் வருவது. எஸ்.வி.டி. என்பார்கள். இளவயதினருக்கும் வரும். பல பேர் இதற்குப் பல வருடங்கள் "பதற்ற நோய்" என்றே சிகிச்சை பெற்றிருப்பார்கள்.

நான்காவதுதான் தவறவிடக் கூடாதது: வேகமும் தாளமும் இரண்டுமே ஒழுங்கில்லாமல் இருப்பது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் கணக்கே இருக்காது. மேலறைகளில் எல்லா மதகும் முறையின்றித் திறந்துகொண்ட நிலை. இதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப். என்று பெயர். மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டி உருவாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. படபடப்பு அடங்கிவிட்டாலும் இந்த ஆபத்து அடங்கியதாக எடுத்துக்கொள்ள முடியாது.

நாடியை எண்ணும் முறை

1. எழுந்து உட்காருங்கள். இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கிச் சற்றுத் தள்ளி வலது கையின் இரண்டு விரல் நுனிகளை வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது; அதன் சொந்தத் துடிப்பே குழப்பும்.

2. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது தாளம் தவறுபவர்களுக்குச் சரிவராது.

3. வேகத்தைவிடத் தாளம் முக்கியம். விரலால் தரையில் தட்டிப் பாருங்கள்: சீராகத் தட்ட முடிகிறதா, இடையில் ஒன்று தவறுகிறதா, தட்டவே முடியாதபடி குழம்புகிறதா?

4. குறித்துக்கொள்ள வேண்டியவை: மணி, எண்ணிக்கை, தாளம், எப்படித் தொடங்கியது, எத்தனை நிமிடம், எப்படி நின்றது, இரவு சாப்பிட்டது, போட்ட மாத்திரை.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. அதை மாட்டி, திரையை ஒரு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து வைத்தால் டாக்டருக்கு உதவும். ஆனால் ஒரு எச்சரிக்கை. முந்தி வரும் துடிப்பு வலுவில்லாமல் விரல் வரை எட்டாமல் போகலாம். ஒன்றுவிட்டு ஒன்று அப்படி வந்தால், இதயம் 76 முறை அடிக்கும்போது கருவி 38 என்று காட்டும். பி.பி. மெஷினும் இதே தப்பைச் செய்யும். கருவி பயமுறுத்தினால் இடது மார்பில் காதை வைத்து வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள்.

டெல்டா வீடுகளில் தேட வேண்டிய காரணங்கள்

காபி. காஃபீனில் பாதி உடலைவிட்டுப் போக ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணிக்குக் குடித்த டிகிரி காபியில் ஒன்பது மணிக்குப் பாதி, இரவு இரண்டு மணிக்குக் கால் பங்கு மிச்சம். 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 100 பேரைக் காபி குடிக்கும் நாள், குடிக்காத நாள் என்று மாற்றி மாற்றிக் கண்காணித்தார்கள். மேலறையிலிருந்து முந்தி வரும் துடிப்புகள் காபியால் கூடவில்லை. கீழறைத் துடிப்புகள் ஓரளவு கூடின. தூக்கம் சராசரியாக 36 நிமிடம் குறைந்தது. ஆக, காபியின் முதல் கேடு தூக்கத்துக்குத்தான். காலைக் காபியை விட வேண்டியதில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் மூன்று வாரம் நிறுத்திப் பார்த்து, இரவு மாறுகிறதா என்று கவனித்தால் போதும். சிக்கரியில் காஃபீன் இல்லை.

வெற்றிலை சீவல். கும்பகோணம் பக்கம் இரவுச் சாப்பாடு இதில்தான் முடிகிறது. வெற்றிலையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாக்கில் உள்ள அரிகோலின் நரம்பைத் தூண்டி வியர்வையையும் படபடப்பையும் உண்டாக்கும். "பாக்கு சொக்கிவிட்டது" என்பது இதுதான். கூடப் பன்னீர்ப் புகையிலை சேர்ந்தால் நிகோடினும் சேர்கிறது. அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது புகையிலை விடியவிடிய உடலில் இறங்கிக்கொண்டிருக்கும், வாய்ப் புற்றுநோய் ஆபத்து தனி.

சர்க்கரை இறக்கம். இரவுப் படபடப்பில் உடனடியாகச் சரிசெய்யக்கூடியதும், கவனிக்காவிட்டால் உயிருக்கே உலை வைப்பதும் இதுதான். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஏகாதசி, கார்த்திகைச் சோமவாரம் என்று ஒருபொழுது இருந்துவிட்டு, வழக்கமான அளவு மருந்தை மட்டும் தவறாமல் போடுவார். நள்ளிரவில் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, படபடக்கும். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே இருந்தால், மீட்டர் இல்லாவிட்டாலும் இந்த அறிகுறிகள் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் அதே அளவு இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். பி.பி.க்காக, இதய வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பே தெரியாமல் வியர்வை மட்டும் வரலாம். விரதம் இருப்பதென்றால் மாத்திரை அளவை முன்கூட்டியே டாக்டரிடம் மாற்றிக்கொள்வதுதான் வழி.

ரத்தசோகை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டியிருக்கிறது. நடவு, களை என்று வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழுவும் சேர்ந்துகொள்ளும். அது குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால், அதே வேலையைச் செய்ய இதயம் கூடுதல் நடை நடக்க வேண்டும். பெண்களுக்கு 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையும் புழு மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் பாதி வீண்.

மருந்துகள். தை அறுவடையில் கதிர் அடிக்கும் தூசியில் இளைப்பு வந்து சால்பியூட்டமால் இன்ஹேலரும் டெரிபிலினும் எடுப்பவர்களுக்குச் சில மணி நேரம் படபடக்கும். சளி மாத்திரைகளில் மூக்கடைப்புக்குச் சேர்க்கும் மருந்தும், அளவுக்கு மிஞ்சிய தைராய்டு மாத்திரையான தைராக்சினும் அதையே செய்யும். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினாலும் துடிப்பு எகிறும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை பொட்டாசியத்தை இறக்கித் தாளத்தைக் கெடுக்கும். இதைக் கேட்டதும் பேராவூரணி இளநீரும் வாழைப்பழமும் மருந்தாகத் தோன்றும், நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ஏறிப்போனால் இதயமே நின்றுவிடலாம். அவர்கள் கேட்டுக்கொண்டுதான் குடிக்க வேண்டும்.

வால்வு. சிறு வயதில் தொண்டைப்புண், பிறகு காய்ச்சலோடு மூட்டு மூட்டாக வீக்கம் வந்தவர்களுக்கு ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்வைச் சுருக்கியிருக்கலாம். பல பெண்களுக்கு இது முதல் பிரசவத்தின்போதுதான் தெரியவரும். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதும் இரவில் படபடப்பும் சேர்ந்திருக்கும் இளம்பெண்ணுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்க்காமல் "பயப்படாதே" என்று அனுப்புவது சரியல்ல. 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்லியிருந்தால் நல்லாயிருக்கிறோமே என்று நிறுத்தக் கூடாது.

வயலில் பூச்சிமருந்து அடித்த அன்று இரவு படபடப்போடு எச்சில் ஒழுகல், கொட்டும் வியர்வை, சுருங்கிய கண்மணி, தசைத் துடிப்பு இருந்தால் அது வேறு கதை. உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்து டப்பாவோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது

நாடியை எண்ணியாகிவிட்டது; வலி, மயக்கம், மூச்சுத்திணறல் இல்லை. அப்படியென்றால் பக்கம் மாறிப் படுங்கள், அல்லது சாய்ந்து உட்காருங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள், ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பு வேலை செய்கிறது. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் ஈரத்துண்டும் பலருக்குப் போதும்.

எஸ்.வி.டி. என்று டாக்டர் உறுதிசெய்தவர்களுக்கு மட்டும் ஒரு முறை உண்டு. அரைச்சாய்வாக உட்கார்ந்து, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்ளிருக்கும் பிஸ்டன் லேசாக நகரும் அளவுக்கு 15 வினாடி ஊத வேண்டும். உடனே மல்லாக்கப் படுக்க, இன்னொருவர் இரு கால்களையும் 45 டிகிரி தூக்கி 15 வினாடி பிடிக்க வேண்டும். 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், வெறுமனே ஊதியவர்களில் 17 சதவீதம் பேருக்கும், இப்படிக் கால் தூக்கிப் பிடித்தவர்களில் 43 சதவீதம் பேருக்கும் துடிப்பு சீரானது. கால் தூக்குவதில்தான் சூட்சுமம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், வால்வு சுருக்கம் உள்ளவர்கள், கண்ணழுத்தம் உள்ளவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் செய்யக் கூடாது. கழுத்தில் துடிக்கும் ரத்தக்குழாயை அமுக்குவது வீட்டில் வேண்டவே வேண்டாம்.

108ஐ அழைக்க வேண்டிய நிலைகள்

1. நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, கை, தாடை, முதுகுக்குப் பரவுதல், கூடவே வியர்வை. "கேஸ்" என்று சோடா குடித்துக் காத்திருந்த நேரத்தில் போன உயிர்கள் ஏராளம்.
2. மயங்கி விழுதல், அல்லது விழப்போவது போல் கண் இருட்டுதல்.
3. படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தேவலை என்ற நிலை. தூங்கி ஓரிரு மணி நேரத்தில் இப்படி விழித்துத் திண்ணைக்கு வந்து காற்று வாங்குகிறவருக்கு இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம்.
4. ஓய்விலேயே 150க்கு மேல் சில நிமிடமாவது நீடிப்பது; 120க்கு மேல் அரை மணி நேரம் இறங்காதது; 40க்குக் கீழே போய்த் தலைசுற்றுவது.
5. வாய் கோணல், கை தளர்வு, பேச்சுக் குழறல்.

குடும்பத்தில் யாராவது 40 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால், படபடப்பு லேசாக இருந்தாலும் இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

படபடக்கும்போதே ஈ.சி.ஜி. எடுப்பதற்கு ஈடில்லை. கோடியக்கரையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்வதற்குள் அது நின்றிருக்கும். எனவே, பக்கத்தில் இரவிலும் ஈ.சி.ஜி. எடுக்கும் ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு மருத்துவமனையோ எது என்று பகலிலேயே விசாரித்து வையுங்கள். தினமும் வருகிற படபடப்புக்கு, 24 மணி நேரம் உடலில் மாட்டி ஈ.சி.ஜி.யை விடாமல் பதியும் ஹோல்டர் கருவி போதும். மாதம் ஒருமுறை வருவதற்கு அதை மாட்டுவது பணச்செலவுதான். வாரக்கணக்கில் பதியும் கருவியோ, ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரமோ பயன்படும். கூடவே எக்கோ, ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பொட்டாசியம், சர்க்கரை.

முந்தி வரும் துடிப்புக்குப் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. தாங்க முடியாதவர்களுக்கு பீட்டா பிளாக்கர் தருவார்கள், இளைப்பு இருந்தால் சொல்லிவிட வேண்டும். எஸ்.வி.டி.யைத் தொடைவழி வயர் செலுத்திச் சுட்டு அகற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதோடு தீர்கிறது. ஏ.எஃப்.பில் வேகத்தைக் குறைப்பது பாதி வேலை. பக்கவாதம் வராமல் ரத்தம் உறையாமைக்கான மருந்து தேவையா என்று வயது, சர்க்கரை, பி.பி. பார்த்து முடிவு செய்வார்கள். ஆஸ்பிரின் அதற்கு மாற்று இல்லை. ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு வார்ஃபரின்தான், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும், கீரையை ஒரு வாரம் அள்ளிப் போட்டு மறுவாரம் விடுவது அளவைக் குலைக்கும்.

ஆபத்தில்லை என்று உறுதியான பிறகும் சிலருக்குத் தூக்கம் திரும்புவதில்லை. படுக்கையே பயமாகிவிடுகிறது; படுத்ததும் விரல் நாடியைத் தேடுகிறது; தேடினால் படபடக்கிறது. இவர்களுக்கு எண்ணும் வேலை முடிந்துவிட்டது. ஆக்ஸிமீட்டரை வேறு அறையில் வைத்துவிடலாம். இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான விளக்கில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது மட்டும் படுக்க வேண்டும். எந்த நேரம் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் மாறக் கூடாது. முதல் வாரம் தூக்கம் இன்னும் குறையும். பெரும்பாலோர் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

கடைசியாக, தாள் விஷயம். ஈ.சி.ஜி. தாளில் பெரும்பாலானவை வெப்பத்தில் பதிபவை. ஓட்டுக்கூரைக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் இரண்டு வருடம் கிடந்தால் வெளிறிவிடும். லேமினேட் செய்தால் அந்தச் சூட்டிலேயே முழுக்கக் கறுத்துப்போகும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு, செல்போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். படபடத்த நேரத்தில் எடுத்த தாள் ஒன்று கையில் இருந்தால், எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் முதலில் நீட்ட வேண்டியது அதைத்தான்.